மூன்று பக்கச் சுவர்

அக்கா விட்டு ஓடிப்போன இடத்தில்தான் எனக்கும் வேலை கிடைத்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் மென்று விழுங்கிய வார்த்தை அது. இனிமேல் புதிதாக வலிக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கேட்டைத் திறந்தேன்.

பழைய வீடு. நகை வியாபாரி ஒருவர் கட்டியதாம். கதவுகள் எல்லாம் ஆளை அமுக்குகிற கனம். உள்ளே காலை வைத்ததும் தெருச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றுவிட்டது. நல்ல வெயில் நேரத்திலும் விளக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது, அதை மறைக்க யாரோ எலுமிச்சை வாசனை எதையோ தெளித்திருந்தார்கள்.

அத்தான் வாசலுக்கே வந்துவிட்டார். அக்காவின் கணவர். இந்த இடத்தை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அவள் போன பிறகு தனியாக இழுத்துப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்.

"வாம்மா. இதுவும் உன் வீடு மாதிரிதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது அப்போது. விட்டுப் போன பெண்டாட்டியின் அம்மாவுக்கு யார் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவார்கள்? இவர் வந்தார். வாரம் தவறாமல் வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, "சாப்டீங்களா அத்தை" என்று கேட்டார். இப்படி ஒரு மனுஷனை விட்டுவிட்டுப் போக அவளுக்கு எப்படித்தான் மனசு வந்தது என்று நானே எத்தனையோ தடவை வயிறெரிந்திருக்கிறேன்.

வேலை இதுதான். எங்கெங்கோ இருக்கிற பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்குப் பிடிபடாத கேள்விகளை அனுப்புவார்கள். இங்கே பாடத்துக்கு ஒருவராக உட்கார்ந்து விளக்கம் எழுதுவோம். சிலருக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயாலும் சொல்வோம். விளங்கினால் மாணவர் 'புரிந்தது' என்று அழுத்துவார். இல்லாவிட்டால் 'புரியவில்லை'. புரியவில்லை என்று வந்தால் மறுபடி எழுத வேண்டும். புரிகிறவரை விட முடியாது.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, பாடம்தான் பெயர். நான் போன அன்றே ஃபிசிக்ஸ் ஆகிவிட்டேன். புள்ளைகளுக்காக ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்த டாக்டர் அம்மா, மெடிக்கல். அத்தானுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் மூத்தவர், கெமிஸ்ட்ரி அக்கா. பின்கட்டில் தனியாக உட்கார்ந்து, தானே ஜோக்கடித்துத் தானே சிரித்துக்கொள்கிற மனிதர், கணக்கு சார்.

அந்த வீட்டுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டால் எழுந்து போக வேண்டாம். பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினால் போதும். 'சிக்கிட்டேன், வா' என்று அர்த்தம். சும்மா இருக்கிறவர் எழுந்து வருவார். பரீட்சைக் காலத்தில் நாளெல்லாம் சுவர் தட்டிக்கொண்டேதான் இருக்குமாம், கெமிஸ்ட்ரி அக்கா சொன்னார்.

இன்னொரு பழக்கம், வெட்டு. ஒரே கேள்வியில் இரண்டு மூன்று பாடம் கலந்து வந்தால் அதைத் துண்டாக வெட்டி, அ, ஆ, இ என்று அடையாளம் போட்டு, அவரவருக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் அக்காதான் வெட்டிக்கொண்டிருந்தாள், அவள் கொண்டுவந்த முறை அது. இப்போது அத்தான். "அவங்கவங்க துண்டை அவங்கவங்க பாருங்க, போதும்" என்பார். முழுக் கேள்வி எங்கள் யார் கண்ணிலும் படாது.

என்னை உட்காரவைத்த இடம் அக்காவுடையது. நடையில், ஒரு பெரிய புத்தக அலமாரிக்கு எதிரே. அலமாரி சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. அதன் புத்தகங்களை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

"பின்னாடி என்னக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, ஈரச் சுவரு. அழகா இல்லன்னு மறைச்சு வெச்சிருக்கு" என்றார் கெமிஸ்ட்ரி அக்கா. என் தலையைத் தடவிவிட்டு, தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதியை என் தட்டில் தள்ளினார். "உங்க அக்காவை நெனச்சு நீ வாடாத கண்ணு. போனவ போயிட்டா. நானே கண்ணால பாத்தேனே, பெட்டியோட போனதை. திரும்பிக்கூடப் பாக்கல."

அந்த ஒரு சாட்சிதான் அம்மாவைச் சாய்த்தது. அதே வாரம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவரும் வேலையை விட்டுப் போயிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்? அம்மா அக்காவின் படங்களை எல்லாம் கவிழ்த்து வைத்தாள். "நான் செத்தாலும் அவளுக்குச் சொல்லக் கூடாது" என்றாள். அம்மாவின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனிமேல் மனசைப் புண்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது? அம்மாவின் மனசுக்குள் வேறெதுவும் இல்லையே.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளை ஒருநாள் நேரில் நிறுத்தி, ஏன்டி ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய் என்று கேட்க வேண்டும். அம்மா கண்ணை மூடுவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

முதல் வாரத்திலேயே வாசனை வந்தது.

தைல வாசனை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு. நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுப்பாள். என் பாயும் அவள் பாயும் ஒட்டியே கிடக்கும், அந்த வாசனையில்தான் நான் தூங்கிப் பழகினேன். மேஜை இழுப்பறையில் பழைய டப்பா ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். இல்லை. மத்தியானத்தில் வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது.

பிறகு தட்டல். டொக், டொக். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனேன். மெடிக்கல் ஹெட்போனில் பேசிக்கொண்டிருந்தார். கெமிஸ்ட்ரி அக்கா, "நான் தட்டலையே" என்றார். பின்கட்டுக்குப் போனால் கணக்கு சார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க தட்டினீங்களா சார்?"

"நான் சிக்கினா தட்ட மாட்டேன் ஃபிசிக்ஸ், பாட்டுப் பாடுவேன். வீடே காலியாயிடும்."

சிரித்துவிட்டு வந்தேன். அவரிடம் மட்டும்தான் அந்த வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள் மழையில் வீடுவரை கொண்டுவந்து விட்டார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம், "உங்கம்மாகிட்ட ஒரு விஷயம் பேசலாமா, இல்ல உங்ககிட்டதான் முதல்ல பேசணுமா" என்று கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பதில் சொல்லாமல் வந்தாலும் பதில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு ஒருநாள் காலையிலிருந்தே மழை.

திரையில் என் பாடத்துக்கு ஒரு துண்டு வந்து நின்றது. பகுதி ஆ.

'ஒரு சிறிய அறை. ஒரு பக்கம் இரும்புக் கதவு. மற்ற மூன்று பக்கமும் முக்கால் அடிச் செங்கல் சுவர். உள்ளே இருப்பவர் கத்துகிறார், பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டுகிறார். சுவரின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்குமா? பொறுமையாக, படிப்படியாகச் சொல்லவும்.'

நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த பாடமும்கூட. உற்சாகமாகத்தான் எழுதினேன். கத்தினால் பயனில்லை, குரல் காற்றில் வந்து சுவரில் மோதி அங்கேயே செத்துவிடும். ஆனால் தட்டினால் அதிர்வு சுவருக்குள்ளேயே ஓடும். மறுபக்கம் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், மூன்று சுவரும் ஒரே மாதிரி என்றால் மூன்று பக்கமும் கேட்கும். கேட்காமலிருக்க வழியே இல்லை. இப்படி எழுதிவிட்டு ஒருமுறை சரிபார்க்கத் தொடங்கினேன்.

'புரிந்தது' என்று வந்தது.

நான் இன்னும் அனுப்பவே இல்லை.

கணினிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன நினைப்பது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணக்கு சார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இன்னைக்கு எனக்கு ஒரு அல்வா மாதிரி கேள்வி. கேளுங்க. 'உதவி கேட்டுத் தட்டும் சத்தம் சிலருக்குக் கேட்கிறது. ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று நினைத்துக்கொள்கிறார். ஒருவருமே போகாமலிருக்க வாய்ப்பு எவ்வளவு?' மூணு பேருன்னு வெச்சுப் போட்டேன். வேடிக்கை என்னன்னா, ஆளு கூடக் கூட யாரும் போகாம இருக்கற வாய்ப்பும் கூடும். ஒருத்தனுக்கு மட்டும் கேட்டிருந்தா அவன் போயிருப்பான்."

"என்ன பகுதி சார் அது?" என்றேன்.

"இ."

மெடிக்கல் சாப்பிடுவதை நிறுத்தினார். "எனக்கு அ வந்துச்சு. காத்து போக வழியில்லாத சின்ன அறையில இளைப்பு உள்ள ஒருத்தர், மருந்து கையில இல்ல, பயந்துபோய் கத்தவும் செய்றாரு, எவ்வளவு நேரம் தாங்குவாருன்னு. சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே கஷ்டம்னு எழுதினேன்."

நான் என்னுடையதைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிக்கொண்டு போனது எனக்கே கேட்டது. தனித்தனியாக அவை பரீட்சைக் கேள்விகள். சேர்த்து வைத்தால் ஓர் ஆள்.

"ஈ உங்களுக்குத்தான் வந்திருக்கணும்" என்று கெமிஸ்ட்ரி அக்காவைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் வரல" என்றார். கையிலிருந்த உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் டப்பாவிலேயே வைத்து மூடினார்.

அப்போது அத்தான் உள்ளே வந்தார். "அத்தான், அந்த அறைக் கேள்வியை நீங்கதான வெட்டினீங்க?" என்றேன்.

"எந்த அறை?"

சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. "இன்னைக்கு நான் எதையும் வெட்டலையே" என்றார். வாசல் பக்கம் திரும்பிக்கொண்டே, "சாப்டுட்டுப் போய் வேலையைப் பாருங்க" என்றார்.

இடத்துக்குத் திரும்பும் வழியில் கெமிஸ்ட்ரி அக்காவின் அறையை எட்டிப் பார்த்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. பகுதி ஈ. மூடிய அறையில் மூச்சுக்காற்று எப்படிக் கெடும் என்ற கேள்வி. பதில் எழுதவில்லை. அடியில் வரிசையாக ஒரே வார்த்தை வந்து விழுந்துகொண்டிருந்தது.

புரியவில்லை. புரியவில்லை. புரியவில்லை.

மழை வலுத்தது. விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, எதையாவது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். எந்த மாணவரும் இணைப்பில் இல்லை.

ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில். வெளியே விடும்போது அடைத்துக்கொண்ட கரகரப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நிறுத்தம்.

அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். அடுத்த மூச்சு வருமா வராதா என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த பிள்ளை நான்தான். 'பொறுமையாக, படிப்படியாகச் சொல்லவும்.' அதுவும் அவள் வாக்கியம். அவள் வெட்டும் எல்லாத் துண்டுக்கும் கடைசியில் அதைத்தான் எழுதுவாள். என் வீட்டுப்பாடத்தில்கூட எழுதி என்னைக் கேலி செய்திருக்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

எதிரே, அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. தைல வாசனை கண்ணைக் கரித்தது.

டொக், டொக்.

எழுந்து போனேன். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே கையை விட்டு, பின்னாலிருந்த சுவரை இரண்டு தடவை தட்டினேன். சிக்கிட்டேன், வா. அந்த வீட்டில் அதற்கு அது மட்டும்தான் அர்த்தம்.

மூச்சு நின்றது.

பிறகு தட்டல் கிளம்பியது. டொக் டொக், டொக் டொக், டொக் டொக். முதலில் எதிரே, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு வெகு உள்ளே. யாரோ ஒரு சின்ன இடத்துக்குள் சுவர் சுவராகப் போய்த் தட்டுகிற மாதிரி.

"சார்" என்று கத்தினேன். கணக்கு சார் ஓடி வந்தார், மெடிக்கலும் வந்தார். அவர்களுக்கும் கேட்டது, முகத்திலேயே தெரிந்தது. "அலமாரியை நகத்துங்க" என்றேன். கணக்கு சார் ஒரு கணம் நின்றார். பிறகு நான் தனியாக இழுப்பதைப் பார்த்து அவரும் பிடித்தார். புத்தகங்கள் சரிந்து விழுந்தன. பின்னால் பூச்சு, கதவளவுக்கு மட்டும் நிறம் மாறிய பூச்சு. விரலால் தொட்டால் உதிர்ந்தது. நகத்தாலும் ஸ்கேலாலும் சுரண்டினேன். இரும்பு தெரிந்தது.

"வேணாம்மா."

அத்தான் நடையின் கோடியில் நின்றார். சத்தம் போடவில்லை. "அது நகைக்காரரோட பழைய பெட்டக அறை. உள்ள ஒண்ணும் இல்ல. பைப் சத்தம்தான் அது."

"சாவி எங்க அத்தான்?"

"தொலைஞ்சு போய் வருஷமாச்சு."

"அவரு பொய் சொல்றாரு."

கெமிஸ்ட்ரி அக்கா. நைந்துபோன கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து எடுத்து நீட்டினார். நீளமான பழைய சாவி. தினமும் எனக்கு டிபன் பாக்ஸ் எடுத்து நீட்டிய பை அது.

"என்கிட்டதான் இருக்கு. அன்னையிலேர்ந்து என்கிட்டதான் இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. சாவியைப் பார்க்கிறேன், அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

"பாடம் பதிவு பண்றதுக்கு அந்த அறையைத்தான் வெச்சிருந்தோம் கண்ணு, வெளிச்சத்தம் வராதுன்னு. தானாப் பூட்டிக்கிற கதவு. உள்ளேர்ந்து திறக்க முடியாது, எப்பவும் முட்டுக்கட்டை வெச்சிட்டுத்தான் போவோம். அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. அவ உள்ள போனதும் கட்டை நகந்திருக்கு. தட்டற சத்தம் கேட்டு சாவியோட ஓடி வந்தேன். இவரு வழியில நின்னுக்கிட்டு, கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கட்டும், புத்தி வரும்னாரு. புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கென்னன்னு திரும்பிப் போய் உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டறது நின்னுடுச்சு. வெளிய வந்துட்டான்னு நெனச்சேன். மறுநாள் காலையில திறந்து பாத்தப்போதான் தெரிஞ்சுது."

"பெட்டியோட போனதைக் கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே. எங்க அம்மாகிட்ட சொன்னீங்களே."

அவர் அத்தானைப் பார்த்தார்.

"நான் கொல்லலைம்மா" என்றார் அத்தான். "பாதிப் பேரைக் கூட்டிக்கிட்டு வேற இடம் தொடங்கப் போறேன்னா. நான் கட்டின இடம் இது. ஒரு அரை மணி நேரம் அவளும் யோசிக்கட்டும்னு விட்டேன். அதுக்குள்ள ஒரு போன் வந்துச்சு, வெளிய போயிட்டேன். போன இடத்துல நேரமாயிடுச்சு." அவர் சாவியையே பார்த்தார். "மறந்துட்டேன்."

"அவ மருந்து?"

"என் மேஜை மேலதான் இருந்துச்சு."

மறந்துட்டேன். மூன்று வருடம் எங்கள் வீட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டவர், அம்மா அவளைச் சபிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டவர், "அவளைத் திட்டாதீங்க அத்தை" என்று பெரிய மனசோடு சொன்னவர். என் தலையைத் தடவி என் தட்டில் சோறு போட்டதும் அந்தச் சாவியை ஒளித்துவைத்த கைதான். அழுகை வரவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

சாவி ஒரே சுற்றில் திரும்பியது, நேற்றுதான் எண்ணெய் விட்டதைப் போல.

அவள் கதவுக்கு நேரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அவள் என் அக்கா. ஆனால் சுவரைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் மூன்று பக்கமும் சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது. ஒரு பக்கம் அத்தானின் அறை. ஒரு பக்கம் கெமிஸ்ட்ரி அக்காவின் அறை. பின்சுவர்தான் எல்லாவற்றிலும் அதிகமாகத் தேய்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டேன்.

"அது என் இடம்தான்" என்றார் கணக்கு சார். அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அன்னைக்கு நான் லீவுங்க. இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

அவர்தான் போலீசுக்குப் போன் செய்தார்.

அம்மாவிடம் நானே சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை.

"அப்போ பெரியவ எங்கயும் போகலையா?"

"போகலம்மா. அங்கயேதான் இருந்தா."

"நான் என்னென்ன வார்த்தையெல்லாம் சொன்னேன்" என்றாள். எழுந்து தள்ளாடிப்போய்க் கவிழ்த்து வைத்த படங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அம்மா சாகவில்லை. அந்தப் பாதி இதயம் அதையும் தாங்கிக்கொண்டது.

அத்தானையும் கெமிஸ்ட்ரி அக்காவையும் கொண்டுபோனார்கள். வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். கேள்விகள் வந்த இணையதளத்தையும் மூடிவிட்டார்கள். மருத்துவமனை, காவல் நிலையம், அடக்கம் என்று எல்லாவற்றுக்கும் கூடவே அலைந்தவர் கணக்கு சார்தான். அவர் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ. அந்த வீட்டில் நான் நம்பினவர்களில் ஒரு ஆளாவது மிச்சமிருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். அம்மா நாள் பார்க்கலாம் என்றாள். நானும் சரி என்றேன்.

நேற்று சாயங்காலம் அவர் வந்திருந்தார். முன்னறையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா சிரிப்பது கேட்டது, எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு. நான் உள்ளறையில் புது வேலைக்கு எழுதுவதற்காகக் கணினியைத் திறந்தேன்.

மூடிப்போன தளம் திறந்து கிடந்தது.

ஒரே ஒரு துண்டு. பகுதி உ. பாடம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

'சிலர் என்றுதான் கேட்டிருந்தேன். மூன்று பேர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பொறுமையாக, படிப்படியாகச் சொல்லவும்.'

படித்தேன். திரும்பப் படித்தேன்.

அல்வா மாதிரி கேள்வி. மூணு பேருன்னு வெச்சுப் போட்டேன். நான் என் துண்டைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். சுவர் மூன்று பக்கம் என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும், அன்று அந்த மூன்று பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களுக்கும். பின்சுவர்தான் எல்லாவற்றிலும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. மற்ற இரண்டு பக்கமும் பதில் வராமல், அங்கே ஒருவர் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டும் சிரிப்புமாக ஒரு மனிதர்.

முன்னறைக்குப் போக வேண்டும், போக முடியவில்லை.

தைல வாசனை வந்தது.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலிருந்த சுவரில் யாரோ தட்டினார்கள். டொக், டொக்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"யாரோ தட்டற மாதிரி இல்ல?" என்றாள் அம்மா.

பிறகு அவர் குரல், எப்போதும்போல இதமாக, சிரித்துக்கொண்டே.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

சுவர் மறுபடியும் தட்டியது.